சஹாப்தீன் நாள்கள்

ஒரு மனிதரின் பெயர் ஒரு பிழையின் பெயராக வழங்கி வருகிறது. அவ்வழக்கைத் தொடக்கி வைத்தவன் நான். நான் உயிருடன் இருக்கும்போதே அதை நீக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு முற்பகலில், நான் முன்னர்ப் பணியாற்றிய வானொலி வானியல் நிலையத்திலிருந்து நிரோஷா என்னும் ஆய்வு மாணவி தொலைபேசியில் அழைத்தார். அவரை நான் முன்பின் அறியேன்.

"சேர், ஒரு சின்ன விசயம். பழைய தரவுகளைத் திரும்ப எடுத்துப் பாக்கிறம். அதில கொஞ்ச நாளுக்கு 'சஹாப்தீன்' எண்டு குறி போட்டு, கணக்கில சேக்காமல் விட்டிருக்கு. அது என்ன மாதிரிக் குறுக்கீடு? ஆராவது விஞ்ஞானி கண்டுபிடிச்சதோ?"

"அது ஒரு ஆளின்ட பேர், பிள்ளை."

"ஐயோ, அப்பிடியா? நாங்கள் இஞ்ச எல்லாரும் சொல்லுறது. விளங்காத குழப்பம் ஏதாவது தரவில வந்தால், 'இந்தா, சஹாப்தீன் வந்திட்டார்' எண்டு."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க இயலவில்லை.

வடவெழுத்தைத் தவிர்த்தெழுதுவது என் நெடுநாளைய வழக்கம். ஆயினும் அம்மனிதர் தம் பெயரை ஒப்பமிடும்போது அவ்வெழுத்தோடுதான் எழுதுவார். அவர் பெயரில் நான் செய்த திருத்தங்கள் போதும். அவர் எழுதுகிறவாறே நானும் எழுதுகிறேன்.

நிலையத்தின் பணி யாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பேரண்டத்தின் இளமையில் விண்மீன்கள் இல்லாத ஒரு நெடும் இருட்காலம் இருந்தது. எங்கும் ஐதரசன் வளியே நிறைந்திருந்தது. முதல் விண்மீன்கள் ஒளிரத் தொடங்கியபோது, அவ்வொளி பட்ட ஐதரசன் தன்னைச் சூழ்ந்திருந்த வானொலி அலைகளில் ஒரு சிறு பங்கை உறிஞ்சியிருக்க வேண்டும். அவ்வாறாயின், வானிலிருந்து இன்று நமக்கு வரும் இரைச்சலை மீடிறன் (அலைவெண்) வாரியாக வரைந்தால், ஓரிடத்தில் மெல்லிய பள்ளமொன்று தென்பட வேண்டும். அப்பள்ளத்தைத் தேடுவதே எம் வேலை. அதனை மூடி நிற்கும் பால்வீதியின் இரைச்சல் பல்லாயிரம் மடங்கு வலியது. நான் உடப்பில் பிறந்தவன். எங்களூர் ஆடித் திருவிழாவை வைத்துச் சொன்னால், கோயில் வீதியில் நூறு மேளங்கள் முழங்கும்போது, அவற்றுள் ஒருவர் சற்றே மெல்லத் தட்டினார் என்று வெளிவீதியில் நின்று கண்டுபிடிப்பதற்கு ஒப்பானது அது.

இத்தகைய தேடலில் தரையே முதற் பகையாகும். மண்ணுக்குள் இறங்கும் அலைகள் அடியிலுள்ள அடுக்குகளில் பட்டு மீண்டு, இல்லாத பள்ளங்களைக் காட்டும். செறிந்த உப்புநீரோ கண்ணாடி போல அலையை அப்படியே திருப்பிவிடும். ஆகவே, புத்தளம் களப்பு என்னும் கடற்கழியின் கிழக்குக் கரையில், வண்ணாத்திவில்லுப் பாதையிலிருந்து பிரியும் மண் ஒழுங்கை ஒன்றின் முடிவில், கைவிடப்பட்ட உப்பளத் தேக்கம் ஒன்றில் எமது அலையுணரியை மிதவையின் மேல் நிறுத்தினோம். இரண்டு அலுமினியத் தகடுகள். இடையே விரலளவு இடைவெளி. அவ்விடைவெளியைப் பிணைக்கும் மின்னைக் கடத்தாத வெண்ணிறக் காவலித் துண்டு ஒன்று. இக்கட்டுரை முழுவதும் அந்தத் துண்டைச் சுற்றியே நிகழ்கிறது என்று சொன்னாலும் தவறில்லை.

சிலாபத்தில் பள்ளிப் படிப்பு, கொழும்பில் தொழினுட்பப் பயிற்சி, பின்னர் ஒலிபரப்புக் கோபுரங்களில் பராமரிப்புப் பணி: இவற்றை முடித்துக்கொண்டே நான் தொழினுட்ப அலுவலனாக இந்நிலையத்துக்கு வந்தேன். என் மேலாளர் பேராசிரியர் மங்கையர்க்கரசி, வயதில் எனக்கு ஏறத்தாழ இருபதாண்டு இளையவர். சீனியில்லாத வெறுந்தேநீரை ஆறவிட்டுக் குடிப்பார். குரலை உயர்த்தியதில்லை. எவர் எந்த முடிவைக் கொண்டு சென்றாலும், பார்த்துவிட்டு, "வேற என்ன?" என்று கேட்பார். அவர் எம்மிடம் எதிர்பார்த்தது வேறு விடையன்று, வேறு காரணம். வானம் இதைச் செய்யவில்லையெனில், வேறு எது செய்திருக்கும்?

அவருடைய முறை ஒன்றுண்டு. ஐயத்துக்குரிய அளவீடு எதுவாயினும், அதற்குக் காரணமாகக்கூடிய அனைத்தையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். வானம், மின்னல், பண்பலை நிலையங்கள், காற்றாலைகள், கேபிள், அலைவாங்கி, காவலர்கள். கடைசிப் பெயர் எப்போதும் அளவீட்டாளரின் பெயராக இருக்க வேண்டும். எதையும் கருத்தால் வெட்டக்கூடாது. சோதனையால் வெட்ட வேண்டும். வெட்டிய நாளையும் சோதனையையும் எதிரில் எழுத வேண்டும். சோதனையின்றி வெட்டப்பட்ட பெயரைக் கண்டால் அவர் எதுவும் சொல்லமாட்டார். சுண்ணக்கட்டியை எடுத்து, அதே பெயரைப் பலகையின் மூலையில் சிறிதாக மீண்டும் எழுதி வைப்பார்.

என் பெயரை நான் ஒவ்வொரு முறையும் வெட்டினேன். அவர் ஒவ்வொரு முறையும் மூலையில் எழுதினார். இதனை ஒரு சடங்கு என்றே கருதியிருந்தேன்.

நான் அவ்வாறு கருதியதற்கு ஒரு வெற்றியும் காரணமாயிற்று. முதலாண்டில், இதயத் துடிப்புப் போல ஒழுங்காக விழும் ஒரு குறுக்கீடு எம் அளவீடுகளைக் கெடுத்தது. மீன்பிடி வள்ளங்களின் எந்திரங்கள் என்றனர் சிலர். நான் கையிலேந்தும் அலைவாங்கியோடு மூன்று நாள் வெயிலில் நடந்து, வண்ணாத்திவில்லுப் பக்கத்துத் தோட்டமொன்றில் அதனைப் பிடித்தேன். யானை வேலியின் மின்கம்பியில் ஈரக்கொப்பு ஒன்று உராய்ந்து, துடிப்புத்தோறும் பொறி கக்கிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் என் கருவியையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன ஐயா, வானத்துக்குள்ளயும் ஆனை பூந்திட்டுதா?"

"கொப்பை வெட்டுங்க, காட்டுறன்."

அவர் வெட்டினார். துடிப்பு நின்றது. "அப்ப நட்சத்திரத்துக்கு வேலி போட்டது நான்தான்!" என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்கோ அன்றிலிருந்து ஒரு நம்பிக்கை ஊன்றிவிட்டது: குற்றவாளி எப்போதும் வெளியே இருப்பான், நடந்து சென்றால் பிடிக்கலாம்.

நிலையத்தில் காவலர் இருவர், வாரத்துக்கு ஒருவராக மாறிமாறி நின்றனர். ஒருவர் சில்வெஸ்டர், களப்பில் மீன் பிடித்த கத்தோலிக்கக் குடும்பத்தவர். மற்றவர் சஹாப்தீன், புத்தளத்தவர், உப்பளங்களில் உழைத்தவர். உப்புநீர் அவர் கால்களைத் தின்றிருந்தது. குதிகாலிலும் விரலிடுக்கிலும் ஆறாத வெடிப்புகள். இந்தக் காவல் வேலை கிடைத்ததால்தான் அவர் கால்கள் உலர்ந்து ஆறத் தொடங்கின என்பதை நான் அறிந்திருந்தேன். அறிந்திருந்தும் செய்தேன் என்பதைப் பதிந்து வைக்கிறேன்.

கடற்பறவைகள் அலையுணரியில் அமர்ந்து எச்சமிடும். ஆகவே நாள்தோறும் பிற்பகல் நான்கு மணியளவில் சிறு தோணியில் சென்று அதைக் கழுவித் துடைக்க வேண்டும். பொழுது சாய்ந்தபின் அளவீடு தொடங்கும். "தூய நீரால் கழுவுக" என்று செய்முறைக் கையேட்டில் எழுதியவன் நானே. எங்கிருந்து எடுப்பது என்று எழுதவில்லை. சில்வெஸ்டரின் வாரத்தில் அவரே கழுவுவார். மாதா கோயில் கிணற்றிலிருந்து கேனில் நீர் கொண்டு வருவார். சஹாப்தீனின் வாரத்தில் மட்டும் நானே கழுவினேன். ஏனெனில் உப்பளத்துக் கை உப்பைக் கொண்டுவரும் என்று ஐயுற்றேன்.

பல மாதத் தரவுகளைச் சேர்த்துக் கூட்டியபோது பள்ளம் தெரிந்தது. எதிர்பார்த்த மீடிறனுக்கு அருகில், எதிர்பார்த்ததைவிடச் சற்று ஆழமாக. மாணவர்கள் கைதட்டினர். பேராசிரியர் தேநீரை வைத்துவிட்டு, "வேற என்ன?" என்றார்.

தரவுகளை நான் வாரவாரியாகப் பிரித்தேன். ஒரு வாரம் பள்ளம்; மறு வாரம் இல்லை. மீண்டும் பள்ளம், மீண்டும் இல்லை. பேரண்டம் காவலர்களின் முறைப்பட்டியலைப் பார்த்து நடப்பதில்லை. பணிப்பதிவேட்டை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். பள்ளம் விழுந்த வாரங்கள் அனைத்தும் சஹாப்தீனின் வாரங்கள்.

இருவரும் பணி மாறும் ஒரு நண்பகலில் அவருடைய பையைத் திறக்கச் சொன்னேன். தொழுகைப் பாய், டோர்ச், பகலுணவுக்குத் தாளில் சுற்றிய பாண், ஒரு பழைய கைத்தொலைபேசி.

"போன் என்னத்துக்கு?"

"மகள் கதைப்பா சேர். வேலை நேரம் ஓஃப் பண்ணித்தான் வெச்சிரிக்கன்."

"ஓஃப் எண்டு நான் எப்பிடி நம்புறது?"

"ஓஃப் ஆகிக் கிடக்கிறத எப்பிடிச் சேர் காட்டுற? அது சும்மா கிடக்குது, அவ்வளவுதான்."

சில்வெஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். "சரியான கதை மச்சான்! அதோட பாணையும் சேர் சோதிக்கட்டும், உள்ளுக்கு ட்ரான்ஸ்மீட்டர் இரிக்கும்!"

தொலைபேசியை வாங்கிப் பூட்டி வைத்தேன். அவருடைய அடுத்த வாரத்தில் பள்ளம் இருந்தது. அவருடைய காவற்குடிலின் மின்குமிழைக் கழற்றினேன். இருந்தது. அவரைத் தேக்கத்தின் கரைக்கே வரவிடாது தடுத்தேன். இருந்தது. ஒவ்வொரு தோல்வியும் அவர் குற்றமற்றவர் என்பதற்கான சான்று. நானோ அவர் திறமையாக மறைக்கிறார் என்பதற்கான சான்றாகக் கொண்டேன். கழுவுவதற்கு நான் எடுத்த குழாய் நீரைப் பற்றி அவரிடம் கேட்டதுமில்லை. அவர் எனக்குச் சொன்னதுமில்லை.

ஈற்றில் அவரைப் பணியிலிருந்து விலக்குமாறு கடிதம் எழுதினேன். பேராசிரியர் அதனை இருமுறை படித்தார்.

"ஐயா, இவர் என்ன செய்தவர்?"

"அது இன்னும் தெரியேல்லை. ஆளை விலக்கிப் பார்த்தால் தெரியும்."

"ஆளை விலக்கினால் பள்ளம் போகுதோ இல்லையோ எண்டு தெரியும். ஏன் எண்டு தெரியாது."

அவ்வாறு சொன்னாலும் ஒப்பமும் இட்டார். இதனையும் நான் மறைக்க வேண்டியதில்லை.

சஹாப்தீன் குடிலின் சாவியை என் மேசையில் வைத்தார். "வாளியக் கழுவிக் கவுத்து வெச்சிரிக்கன் சேர். நான் என்ன செஞ்சண்டு மட்டும் சொல்லுங்க."

"அது தெரியேல்லை."

"தெரியாமலா அனுப்புறீங்க?"

நான் சாவியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன். சில்வெஸ்டர் இரண்டு வாரங்களையும் ஏற்றார். கழுவுவதும் முழுவதும் அவர் கைக்குச் சென்றது. பள்ளம் அடியோடு மறைந்தது. நான் என் மெய்ப்பிப்பை வியந்தேன். கணினியில், கெட்ட நாள்கள் அனைத்தையும் விலக்கும் குறியொன்றை ஏற்படுத்தி, அதற்கு எளிதாக நினைவில் நிற்கும் பெயராக 'சஹாப்தீன்' என்று இட்டேன். காரணம் நீங்கிவிட்டதென்று பலகையில் அவர் பெயரை வெட்டி, எதிரில் நாளும் எழுதினேன். மூலையில் என் பெயர் சிறிதாக அப்படியே இருந்தது.

சில மாதங்களின் பின் சில்வெஸ்டர் குடலிறக்கத்துக்காகச் சிலாபம் மருத்துவமனையில் சேர்ந்தார். ஆறு நாள் நானே கழுவினேன். ஆறு நாளும் பள்ளம் விழுந்தது. சஹாப்தீனோ அப்போது களப்பின் மறுபுறத்தில், வேறோர் உப்பளத்தில் முழங்காலளவு உப்புநீரில் நின்றுகொண்டிருந்தார்.

பேராசிரியர் வந்தார். பலகையைப் பார்த்தார். பின்பு என்னைப் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் பின்னேரம் செய்யிறதை இப்ப அப்பிடியே செய்து காட்டுங்கோ. விளக்கம் சொல்ல வேண்டாம்."

வாளியை எடுத்தேன். முற்றத்துக் குழாயைத் திறந்தேன். அது நிலையத்துக் குழாய்க்கிணற்று நீர். நாங்கள் குளிப்பதும் முகம் கழுவுவதும் அதில்தான். குடிப்பதற்கோ பவுசர் வண்டியில் வரும் நீர். கண்ணுக்குப் பளிங்கு போல் இருக்கும். பேராசிரியர் ஒரு விரலை நனைத்து நாவில் வைத்தார். தோணியில் என்னோடு ஏறினார். முந்தின நாள் நான் கழுவிய காவலித் துண்டைத் தொட்டு, அதே விரலை மீண்டும் நாவில் வைத்தார்.

"உப்பு," என்றார்.

அன்று அவர் "வேற என்ன?" என்று கேட்கவில்லை.

குழாய் நீர் உலர்ந்ததும் காவலியின் மேல் மெல்லிய உப்புப் படலம் தங்கும். மாலையில் களப்பின் ஈரக்காற்றை அது உறிஞ்சி நனையும். நனைந்ததும் இரு தகடுகளுக்கிடையே மின் கசியும். அக்கசிவே நிறமாலையில் பள்ளமாக விழுந்தது. உப்பளத்துக் கைக்கு அஞ்சி விலக்கியவன், வாளி வாளியாக உப்பைக் கொண்டு சென்று பூசியிருக்கிறேன். முதல் விண்மீன்களின் சுவடென்று மாணவர்கள் கைதட்டியது என் கழுவலுக்கே. மெய்யான பள்ளத்தை என் பணிக்காலத்தில் நாங்கள் காணவில்லை.

இரண்டாம் கடிதம் ஒன்றும் எழுதினேன். "நிருவாகக் காரணங்களால் விலக்கப்பட்ட காவலரை மீள அழைக்கலாம்" என்பதே அதன் வாசகம். காரணம் இன்னதென்று எழுதத் துணியவில்லை. சஹாப்தீன் வரவில்லை. கணினிக் குறியையும் நான் மாற்றவில்லை. அந்நாள்களின் தரவு எப்படியும் கெட்டதுதானே, பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பெயரில் இருந்தது என்ன என்பதை நிரோஷாவின் சிரிப்பு எனக்குத் தெரிவித்தது.

ஆகவே இதுவரை எழுதியதைக் கையில் எடுத்துக்கொண்டு, சென்ற வாரம் ஒரு காலையில் புத்தளத்தில் அவர் வீட்டுக்குச் சென்றேன். கதிரையில் அமர்ந்திருந்தார். கால்களில் துணி சுற்றியிருந்தது. என்னை அடையாளங்கண்டதும் எழவில்லை. எழ முடியவில்லையா, விரும்பவில்லையா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவர் மகள் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்றார்.

"வாப்பா, இவரா அந்தச் சேர்?"

"ஓம் மகள். வாசிக்கட்டும்."

வாசித்தேன். தொலைபேசிப் பகுதியில் அவர் இலேசாக முறுவலித்தார். குழாய் நீரைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதுமில்லை என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

"அது பிழை சேர்."

"எது?"

"நான் சொன்னன். நீங்க தோணியால இறங்கி வாறீங்க. நான் கரையில நிக்கிறன். 'சேர், அந்த வெள்ளைத் துண்டில உப்புப் பூத்திரிக்கி. குழாத் தண்ணி சவர். பள்ளிவாசல் கிணத்துல நல்ல தண்ணி இரிக்கி, ஒரு கேன் கொண்டாரவா?' ண்டு கேட்டன்."

"நான் என்ன சொன்னன்?"

"ஒண்டும் சொல்லல்ல. பொத்தகத்த எடுத்து எழுதினீங்க. நான் சொன்னதத்தான் எழுதுறீங்கண்டு நினைச்சன். அண்டைக்குச் சந்தோசமா இருந்திச்சி."

என் பழைய வழக்கம் என்னை விடவில்லை. அங்கே அமர்ந்திருந்தபடியே அவரை ஐயுற்றேன். ஆண்டுகள் சென்றபின் நினைவு தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளும் அல்லவா? முற்றத்துக்கு வந்து நிரோஷாவை அழைத்து, பழைய குறிப்பேட்டில் சஹாப்தீனின் வாரங்களுக்குரிய பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். தேநீர் ஆறுவதற்குள் படங்கள் வந்தன. மூன்றாவது படத்தில், என் கையெழுத்தில், காற்றின் திசைக்கும் ஈரப்பதனுக்கும் கீழே ஒரு வரி:

"காவலர் நீரைப் பற்றி ஏதோ கூறினார். தொடர்பற்றது."

தொலைபேசியை அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணுக்கு எட்டப் பிடித்து, மெல்ல எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ஏதோண்டு எழுதியிரிக்கீங்க," என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் என்ன சொன்னார் என்பது அவருக்குரியது, இங்கே எழுதேன். குறியின் பெயரை மாற்றப் போவதையும், அதற்கு என் பெயரை இடப் போவதையும் சொன்னேன்.

"வேணா சேர். ஒங்கட பேர வெச்சா, பொறகு வாறவங்க இது ஆருண்டு ஒங்களத் தேடுவாங்க. 'குழாத் தண்ணி'ண்டு வைங்க. அப்பதான் வாசிக்கிற ஆளுக்கு விளங்கும்."

அவ்வாறே வைக்குமாறு நிரோஷாவிடம் கூறியுள்ளேன். என் ஆசிரியராகவும் மேலாளராகவும் இருந்தோர் எவரும் ஒரு பிழைக்கு இத்துணைச் சரியாகப் பெயரிட்டதில்லை.

மேலே பிழையாக எழுதிய வாக்கியத்தை நான் வெட்டவில்லை. எவ்வளவு உறுதியாக எழுதினேன் என்பது தெரியும்படி அங்கேயே விட்டிருக்கிறேன். இன்னும் எத்தனை வாக்கியங்கள் அதைப் போன்றன என்பதை நான் அறியேன். அந்நிலையத்தில் பணிபுரிந்தோரும், அக்கரையில் வாழ்வோரும், சஹாப்தீனின் வீட்டாரும் இதில் காணும் தவறுகளை எனக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். இம்முறை, சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டவாறே எழுதிக்கொள்வேன்.